வந்ததை அனுப்பினேன்

திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போகிறவர்களுக்கு அறுபதாம் படி தெரியும். கொடுக்கல் வாங்கலோ வரப்புத் தகராறோ, அங்கே நின்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு தீர்ந்தது என்பது கொங்கு நாட்டின் பழைய நம்பிக்கை. சத்தியம் செய்கிறவர் தாமே வர வேண்டும், எதிராளி பார்க்கச் சொல்ல வேண்டும், பொய்யானால் பாவம் சொன்னவர் தலையில். இன்று அந்த மலையடிவாரத்தில் பங்காளிகள் குழு, கும்பாபிஷேகக் குழு, ரிக் வண்டிக்காரர் குழு என்று கைப்பேசியில் நாள் முழுக்கச் செய்தி வந்து விழுகிறது. தப்பான செய்தியை ஏன் பரப்பினாய் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: ‘நானா சொன்னேன்? வந்ததை அனுப்பினேன்.’ இந்தப் பதில் அறத்தின் முன் செல்லுமா? செல்லாது என்றே நினைக்கிறேன்.

முதலில் சொன்னவர் தெரியாத சொல்லை என்ன செய்வது என்ற கேள்வி நம் தத்துவ நூல்களுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் அளவைவாதி, அறிவு பிறக்கும் வழிகள் பத்து என்கிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம். இந்த மரத்தில் ஒரு தெய்வம் குடியிருக்கிறது என்று ஊரே சொல்லும். யார் கண்டு சொன்னது என்றால் ஆள் இருக்காது. அதே காப்பியத்தில் பௌத்தரான அறவண அடிகள் காட்சி, அனுமானம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஐதிகத்தையும் எண்ணிச் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். நியாய மரபும் ஐதிகத்தை உரையில்தான் சேர்க்கிறது. ஆனால் உரை நம்பத்தக்கதாக அங்கே ஓர் ஆப்தன் வேண்டும்: பொருளைத் தானே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். 2018 முதல் வாட்ஸ்அப், கைமாறி வரும் செய்திக்கு ஓர் அம்புக்குறி போடுகிறது. பலமுறை கைமாறியதற்கு இரட்டை அம்பு. எழுதியவர் அனுப்பியவர் அல்லர் என்பதுதான் அந்தக் குறியின் பொருள். ஐதிகத்தின் இலக்கணமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் வாங்குகிறவர் அம்பைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறார். தாய்மாமன் அனுப்பினார், பள்ளிக்கூட வாத்தியார் அனுப்பினார் என்றுதான் நம்புகிறார். ஊர் பேர் தெரியாத சொல்லுக்கு மாமன் தன் நாணயத்தை ஜாமீனாக வைத்துவிட்டார். அவர் கைபட்டதும் ஐதிகம் உரையாகிவிட்டது. ஆகவே அனுப்புவதும் சொல்வதுதான்.

ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினால் அதில் பொய் ஏது என்று கேட்கலாம். இதற்குத் திருச்செங்கோட்டிலேயே விடை இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 கடைசியில், தேர்த் திருவிழா தொடர்பான சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரெங்கும் கொடுக்கப்பட்டன. அச்சிலிருந்த சொல் அப்படியேதான் இருந்தது. பிள்ளையில்லாதவளை விசேஷ வீடுகளில் ஒதுக்கும் ஊரும், மனைவிமேல் உயிரையே வைத்திருக்கும் காளியும் அந்தத் தாள்களில் இல்லை. நம் பெண்களையும் கோயிலையும் இழிவுபடுத்திவிட்டான் என்ற குற்றச்சாட்டு மட்டும் இருந்தது. முழுதும் அறியாதவர் ஆப்தன் ஆக முடியாது, அவர் கையில் இருப்பது உண்மையான தாளாகவே இருந்தாலும். நாவலாசிரியரும் அந்தத் திருவிழா வழக்கத்தைச் செவிவழிக் கேட்டுத்தானே எழுதினார் என்ற வாதமும் உண்டு. அவர் அதைக் கதை என்று சொல்லித் தன் பெயரைப் போட்டு எழுதினார்; ஊர்ப் பெயரை நீக்கவும் முன்வந்தார்; 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார்ந்தார். அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். அந்தப் பேச்சுவார்த்தையில் எழுதப்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5இல் தீர்ப்பளித்தது. தாளைக் கைமாற்றிய அத்தனை பேருக்கும் எந்தச் செலவும் இல்லை. அன்று ஜெராக்ஸ் கடை வரை நடக்கவாவது வேண்டியிருந்தது; இன்று அதுவும் வேண்டாம்.

பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2015 ஜூனில் ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் இதே திருச்செங்கோட்டுக் கோயிலுக்கு வந்த நாளில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கின் முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே தன் பெயரில், தன் குரலில் வாட்ஸ்அப் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பெயர் இருந்தது, எதிர்க்கேள்வி கேட்க ஆள் எட்டவில்லை. 2022இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தன் பெயரில், நேருக்கு நேர் சொல் என்றால், அப்படிச் சொல்லும் ஊர்ச்சபை என்றைக்கும் எல்லோருக்குமானதாக இருந்ததில்லை. சேரிக்காரரோ பெண்ணோ அங்கே எழுந்து நின்று எதிராளி முகத்துக்கு நேரே பேச முடிந்ததா? பெயர் மறைத்துப் பேசும் வழி அவர்களுக்குத்தானே முதலில் தேவை? தேவைதான், மறுக்கவே மாட்டேன். தனக்கு நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொல்லும் பெண், நியாய நூல் கேட்கும் இரண்டு தகுதியும் உடையவள்: அவள் அறிந்தவள், அறிந்தபடி சொல்கிறவள். அனுப்புகிறவரிடம் நான் கேட்பதும் அந்த அறிவைத்தான். தனக்கு எது தெரியும், எதைக் கேள்விப்பட்டார் என்று ஒரு வரி சேர்க்கலாம். தெரியாதென்றால் தெரியாது என்று எழுதலாம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவள் என்று அடித்தே கொன்றார்கள். வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி அதற்கு முன்பே அந்த வட்டாரத்துக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அனுப்பிய யாரும் அப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை.