வாயில்லாச் சீவனின் பயம்

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், எமது வீட்டுப் பூனைக்கு மிருக வைத்தியர் பயம் தணிக்கும் குளிசை எழுதித் தந்திருக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டோம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஊரிலை பூனைக்குச் சோறு வைக்கவே ஆளில்லை, இங்கை அதுக்கு நரம்புக் குளிசையோ?" என்றார் ஓர் அண்ணர். நாமும் சேர்ந்து சிரித்தோம். எனினும் வீடு வந்த பின்னரும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. பேச முடியாத ஒரு சீவனின் மனதை மருந்தினால் மாற்ற எமக்கு உரிமை உண்டா? அது கருணையா, அல்லது எமது வசதிக்காகச் செய்யும் காரியமா? பிள்ளைகளின் விருப்பத்தால் எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று பூனையோ நாயோ வளர்வதால், இதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

நடந்தது இதுதான். எமது பூனை ஆறு வயதுக் கடுவன். பக்கத்து வீட்டில் கட்டட வேலை தொடங்கி, நாள் முழுவதும் சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டது. பூனை மாடிப்படிக்குக் கீழே போய் ஒதுங்கியது. சாப்பாடு குறைந்தது. ஒரு நாள் சாமியறை வாசலில் விரித்திருந்த பாயில் சலம் விட்டுவிட்டது. அடுத்த நாளும் அதே இடம். எமது தாயார் பொறுக்க மாட்டாமல், "உதை ஆருக்கும் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார். மகளோ, "அப்பம்மா, அது வேணுமெண்டு செய்யேல்லை. பயந்துபோய் இருக்குது" என்று அழுதாள்.

வைத்தியரிடம் கொண்டு செல்வதே பெரும்பாடாயிற்று. கூட்டுக்குள் வைக்கையில் எமது கை கிழிந்தது. வழியெல்லாம் கத்திய பூனை, வைத்தியரின் மேசையில் வைத்ததும் அசையாமல் படுத்துவிட்டது. "இப்போது அமைதியாகிவிட்டது" என்றோம். வைத்தியர் தலையை ஆட்டினார். விரிந்த கண்மணியையும், தட்டையாக மடிந்த காதுகளையும், உடலோடு ஒடுக்கிய வாலையும் காட்டி, இது அமைதி அல்ல, ஓடவும் வழியின்றி எதிர்க்கவும் வழியின்றி உறைந்துபோன பயம் என்று விளக்கினார். அன்று அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் முடியவில்லை. அடுத்த முறை வருவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கொடுக்கும்படி கபாபென்ரின் என்ற மருந்தை எழுதித் தந்தார். இது மனிதருக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்து. பூனைகளின் பயத்தைத் தணிக்கவும் இதனை மிருக வைத்தியர்கள் தமது பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். இதற்கு உறவான பிரீகாபலின் கரைசலுக்கு, பயணத்தாலும் வைத்தியரிடம் செல்வதாலும் பூனைகளுக்கு உண்டாகும் பயத்துக்கென்றே ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021ஆம் ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவில் 2023 நவம்பரிலும் அனுமதி வழங்கப்பட்டது.

மருந்துப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அன்றிரவு நெடுநேரம் யோசித்தோம்.

பூனையின் சம்மதம் இல்லையே என்பது முதலாவது தடை. ஆனால் தடுப்பூசிக்கும் சத்திரசிகிச்சைக்கும்கூட அதன் சம்மதத்தை நாம் கேட்டதில்லை. சம்மதம் கேட்க முடியாத இடத்தில், அதன் நன்மையை அதற்காக நாம் யோசிக்க வேண்டும் என்பதே பொறுப்பு.

பயம் என்பது இயற்கை தந்த காவல், அதனை ஏன் அகற்ற வேண்டும் என்பது இரண்டாவது தடை. இதில் உண்மை உண்டு. பயம் இல்லாத பூனை வீதியில் ஒரு நாள்கூட உயிர் தப்பாது. ஆயினும் பயம் காவலாவது, ஓடித் தப்ப ஓர் இடம் இருக்கும்போது மட்டுமே. நாலு சுவருக்குள் நாம் வைத்திருக்கும் பூனைக்கு ஓட இடம் ஏது? போக்கிடம் இல்லாத பயம் உடலுக்குள் திரும்பி நோயாகிறது. கிருமி எதுவும் இல்லாமலே பூனையின் சலப்பை அழன்று வேதனை தருவதுண்டு. மன அழுத்தம் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்பது வைத்தியம் அறிந்த விடயம். அதனை அந்தச் சுவர்களுக்குள் கொண்டுவந்தவர்கள் நாம். எனவே அந்தக் கடனும் எம்முடையதே.

மூன்றாவது தடையே மெய்யான தடை. நாம் இதனைச் செய்வது பூனைக்காகவா, பாய் நனையாமல் இருப்பதற்காகவா? கணக்காளராகத் தொழில் செய்யும் எமக்கு, ஒரு செலவை யாருடைய பெயரில் எழுதுவது என்பது பழகிய கேள்வி. எமது நிம்மதிக்காகச் செய்த செலவை பூனையின் பெயரில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

இதற்கு வைத்தியத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அசெப்புறோமசின் என்ற மருந்தை முன்னர் பயணத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் செல்லப் பிராணிகளுக்குப் பரவலாகக் கொடுத்தார்கள். அது உடலைச் சோர வைக்கும். ஆனால் பயத்தை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. பயந்த பிராணி அசைய முடியாமல் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு நிம்மதி, படுபவருக்கு நரகம். பயத்துக்கு அதனைத் தனியாகக் கொடுப்பதை இன்று வைத்தியர்கள் விரும்பாமைக்குக் காரணம் இதுவே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அமைதி போலவே தெரியும். ஒன்று பயத்தைத் தணிப்பது, மற்றது பயத்தின் வாயைப் பொத்துவது. தருமம் எது என்பதற்கான விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று எமக்குப் பட்டது.

மனுநீதிச் சோழனின் கதையை நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் எழுந்து வந்து கேட்டான். மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கயிற்றை அறுத்துவிடவில்லை. எமது பூனைக்கு அடிக்க மணி இல்லை. சாமியறைப் பாய்தான் இருந்தது. இந்நாட்டுச் சட்டமும் இதனை ஓரளவு ஏற்றிருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், துன்பம் என்பதற்கு உடல் துன்பம், மனத் துன்பம் இரண்டையும் பொருளாகச் சொல்கிறது.

இது இவ்வாறிருக்க, அன்றிரவு எமக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோது எமக்கு வயது பதினைந்து. வீட்டில் ஒரு பூனை இருந்தது. அதனைத் தேட நேரம் இருக்கவில்லை. பின்னர் பல்கலைக்கழகம் முடித்து, அகதியாக இந்நாட்டுக்கு வந்தோம். முதல் நவம்பரில் வாணவெடி கொளுத்தத் தொடங்கியதும் எமது உடல் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தானாகவே ஒதுங்கியது. பல மாதம் தூக்கம் இல்லை. குடும்ப வைத்தியர் பொறுமையாகக் கேட்டு, மனநல ஆலோசனைக்குப் போகும்படியும் சில காலம் குளிசை எடுக்கும்படியும் சொன்னார். மருந்துச் சீட்டை மடித்து லாச்சிக்குள் வைத்தோம். நரம்புக் குளிசை குடிக்கிறான் என்று நாலு பேர் கதைப்பார்களே என்ற வெட்கம்தான் காரணம். வேலைக்குப் போனோம், பரீட்சைகள் எழுதினோம், கோயிலுக்கு வந்தோம். "அமைதியான பிள்ளை" என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தியரின் மேசையில் உறைந்து கிடந்த கடுவனைப் பார்த்து நாம் சொன்னதும் இதே சொல்தான்.

வாயில்லாத சீவனுக்கு வெட்கம் இல்லை. எனவே அதற்கு உதவி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. வாயுள்ள நாம் வாயை மூடிக்கொண்டு உதவியைத் திருப்பி அனுப்புகிறோம். பூனைக்கு மருந்து கொடுப்பது சரியா என்று தொடங்கிய யோசனை எம்மை இவ்விடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

மருந்தைக் கொடுத்தோம். வைத்தியர் சொன்னபடி முதலில் ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்துப் பார்த்தோம். நடை சற்றுத் தள்ளாடியது, பின் தூங்கி எழுந்து சாப்பிட்டது. அடுத்த முறை மேசையில் அது சுற்றிப் பார்த்தது, வைத்தியரின் கையை முகர்ந்தது. சோதித்ததில் கிருமியோ கல்லோ இல்லை. மருந்து பாதி வேலைதான், மீதி உங்களுடையது என்றார் வைத்தியர். மணல் தட்டைச் சத்தமில்லாத மூலைக்கு மாற்றி, இன்னொன்றும் வைத்தோம். ஒளிந்திருக்க உயரத்தில் ஒரு பெட்டி வைத்தோம். கூட்டை அலுமாரிக்குள் மறைக்காமல் எப்போதும் திறந்தபடி கூடத்தில் விட்டோம். இப்போது அதற்குள்ளேயே தூங்குகிறது. நாளாந்த மருந்து தேவைப்படவில்லை. சில பூனைகளுக்கு புளூஒக்செற்றீன் போன்றவை மாதக்கணக்கில் தேவைப்படும். அவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

வாசகர்களுக்குச் சில எச்சரிக்கைகள். எமது குளிசைகளைப் பூனைக்கு ஒருபோதும் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். நாம் சாதாரணமாக விழுங்கும் பனடோல் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். வாசனை எண்ணெய்கள் பலவும் அதற்கு நஞ்சு. கடுவன் பூனை முக்கி முக்கியும் சலம் போகவில்லையெனில் அது உயிராபத்து. மறுநாள் பார்ப்போம் என்று இராமல் உடனேயே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

தாயார் இப்போது பூனையைத் துரத்துவதில்லை. "பயந்த சீவன், பாவம்" என்கிறார். நாமும் பதினைந்து வருடங்களுக்கு மேல் தள்ளிப்போட்ட ஒரு சந்திப்பைக் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்திருக்கிறோம். குளிசைதான் வழி என்று சொல்ல இதனை எழுதவில்லை. அது வைத்தியரும் நோயாளியும் பேசி முடிவெடுக்க வேண்டிய விடயம். ஆனால் மண்டபத்தில் அடுத்த முறை யாராவது தமக்குத் தூக்கம் இல்லை என்று மெல்லச் சொன்னால், நாம் சிரிக்காமல் கேட்போமாக.