கலையைப் போற்றுவோர் கடன்

ஓர் இனத்தார் செய்த கலைப்பொருளைப் பொன்னேபோற் காப்பவன் அவ்வினத்தாரையும் மதித்தவனாவானா? ஆவான் என்றே பலரும் கூறுவர். ஆயின் ஆபிரிக்காக் கண்டத்துச் சோக்வே மக்களின் வரலாற்றை நோக்குவார்க்கு அவ்விடை அத்துணை எளிதிற் கிட்டாது.

சோக்வேயர் அங்கோலாவின் வடகிழக்கிலும், கொங்கோவின் தென்பகுதியிலும், சாம்பியாவின் வடமேற்கிலும் வாழ்கின்றனர். ஒரே மொழி பேசுவோர் மூன்று நாட்டவரானது அவர்தம் விருப்பத்தாலன்று. போர்த்துக்கல் அரசும், பெல்ஜிய மன்னரும், பிரிட்டிஷாரும் நிலப்படத்திற் கோடு கிழித்தமையாலாகும். அதற்கு முன்னர் அவர்கள் யானைத் தந்தமும் தேன்மெழுகும், பின்னர் ரப்பரும் விற்றுத் துப்பாக்கி வாங்கிப் பெருகினர். (ரப்பர் என்றதும் நம் தோட்டத்து நேயர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். அது நிரையில் நட்ட மரத்துப் பாலன்று. காட்டுக் கொடிகளில் எடுத்தது.) 1880-களில் லுண்டாப் பேரரசின் தலைநகரையே அவர்கள் வீழ்த்தினர். அடிமை வாணிபத்திலும் அவர்க்குப் பங்குண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் நேர்மையன்று.

இவர்களுடைய முகமூடிகளே உலகப் புகழ் பெற்றவை. ஆண்பிள்ளைகளை ஊர்ப்புறத்துப் பாசறையில் வைத்து, விருத்தசேதனம் செய்து, வாழ்க்கைக்குரியவற்றைக் கற்பிக்கும் சடங்கிற்கு முக்காண்டா என்று பெயர். அச்சடங்கிலும் பிற விழாக்களிலும் முகமூடியணிந்து தோன்றுவோரை முன்னோர் ஆவிகள் என்றே ஊரார் கொள்வர். அவற்றுள் புவோ என்பது பெண்முகம். குலத்தின் மூதாட்டியைக் குறிப்பது. பாதி மூடிய விழிகளும், நெற்றியிற் சிலுவை போன்ற வடுக்குறியும், கண்ணின் கீழ்க் கண்ணீர்க் கோடுகளும் உடைய அம்முகத்தைச் செதுக்கும் தச்சன், தான் கண்ட ஓர் அழகிய பெண்ணையே மனத்திற் கொண்டு செதுக்குவானாம். ஆடுவோன் அதனை வாங்குங்கால் பரிசம் கொடுப்பதுபோல் உலோக வளையம் ஒன்றைத் தச்சனுக்குக் கொடுப்பதுண்டு. ஆடியவன் மாண்டால் முகமூடியை அவனோடு புதைப்பதும் உண்டு. கண்ணாடிப் பேழையில் நூறாண்டு நிற்பதற்காக அது செய்யப்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

இனி, புவோவை அணிந்து ஆடுவோன் ஆடவனே. பெண்ணின் முகமும் நடையும் மேடையேறப் பெண்ணோ பார்ப்போர் வரிசையில் நிற்கின்றாள். முகமூடியின் உள்ளே யார் என்று அறிதலும் அவளுக்கு விலக்கு. தாய்வழியாகக் குலம் எண்ணும் மக்களிடத்தே இவ்வழக்கம்! மூதாட்டியை வணங்குவோர் உயிரோடிருக்கும் பெண்ணுக்குச் செய்வது யாது என்ற வினாவிற்கு அவர்களும் விடையிறுக்க வேண்டியவரே. அன்னியர் கொடுமையைக் காட்டி இதனைத் தள்ளிவிட நாம் ஒருப்படோம்.

ஆயினும் அன்னியர் செய்தது இதனினும் பெரிது. 1917-இல் தோன்றிய டயமாங் என்னும் வைரக் கம்பெனி லுண்டா நிலத்தில் ஓர் அரசுபோல் ஆண்டது. நிலம் அதற்கு, ஆளெடுக்கும் உரிமையும் அதற்கே. தலைவர்கள் வாயிலாகவும் அதிகாரிகள் வாயிலாகவும் ஆடவரைக் கட்டாயமாகத் திரட்டிச் சுரங்கத்துக்கு அனுப்பினர். அதே கம்பெனி 1936-இல் டுண்டோ என்னும் தன் நகரில் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவி, முகமூடிகளையும் சிற்பங்களையும் அரியணைகளையும் தேடித் தேடிச் சேர்த்தது. அதன் அருகே தச்சர்களைக் குடியமர்த்திச் செதுக்கவும் செய்தது. பெல்ஜிய நாட்டுப் பெண்மணி மாரி லூயி பாஸ்தின் 1961-இல் சோக்வே அலங்காரக் கலையைப் பற்றி எழுதிய சிறந்த நூலை வெளியிட்டதும் அக்கம்பெனியே. கட்டாய உழைப்புச் சட்டங்கள் நீங்கியதோ, அங்கோலாவிற் கிளர்ச்சி மூண்ட பின்னர், 1961, 1962 ஆகிய ஆண்டுகளிலேதான். கணக்கேடு எழுதி வயிறு வளர்க்கும் கிராணிகளாகிய நமக்கு இவ்விடம் தனியே உறுத்துகின்றது. ஆளை வரவு வைத்த கம்பெனியே முகமூடியையும் வரவு வைத்தது. முகமூடிக்கு மட்டும் நிழலும் பாதுகாப்பும் கிடைத்தன.

கம்பெனி ஆட்சி போயிற்று. 1975-இல் அங்கோலா விடுதலை பெற்றது. உள்நாட்டுப் போரில் டுண்டோவின் பொருள்கள் சில களவுபோயின. அவற்றுள் இரண்டு புவோ முகமூடிகளும் ஒரு சிலையும் 2016-இல் மீட்கப்பட்டு நாட்டுத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மீட்டவர் சிண்டிகா டொக்கோலோ. தலைவரின் மருமகர், வைர வணிகத்திலும் ஈடுபட்டவர். குனிந்து தலையைக் கையிற் தாங்கியிருக்கும் ‘சிந்தனையாளன்’ என்னும் சோக்வே உருவம் இன்று அந்நாட்டின் தேசியச் சின்னம்போற் போற்றப்படுகின்றது.

ஆனால் அவ்வுருவத்தைத் தந்த மக்கள் வாய் திறந்தபோது நடந்தது வேறு. லுண்டா நிலத்துக்குத் தன்னாட்சி வேண்டுமென ஓர் இயக்கம் கேட்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் போர்த்துக்கீசியர் லுண்டாத் தலைவர்களோடு செய்த பாதுகாப்பு உடன்படிக்கைகளை அது ஆதாரமாகக் காட்டுகின்றது. பழைய எசமானனின் கையொப்பத்தை நம்பும் இவ்வாதம் நமக்கு உவப்பானதன்று. எனினும் தவறான வாதத்துக்கு விடை மறுவாதமேயன்றித் துப்பாக்கியன்று. 2021 ஜனவரி 30-ஆம் நாள் காஃபுன்ஃபோ என்னும் வைரச் சுரங்க ஊரிற் கூடியோர்மீது காவற்படையினர் சுட்டனர். காவல் நிலையத்தைத் தாக்க வந்தனர் என்றது அரசு. அமைதியாக வந்தோர் என்றனர் இயக்கத்தார். பத்துப்பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்று அம்னஸ்டி சங்கத்தார் அறிவித்தனர். இயக்கத் தலைவர் சிறைப்பட்டார்.

காஃபுன்ஃபோ மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவன குடிநீர், மின்விளக்கு, பள்ளிக்கூடம், நல்ல பாதை. அவ்வூரும் டுண்டோ அருங்காட்சியகமும் இருப்பது ஒரே மாகாணத்தில்.