யாரிடம் போவது?

நம் சேரிகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன தஞ்சைப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "தூக்கமே வரலண்ணே. லைஃப் கோச்சுகிட்ட போகட்டுமா, மனநல ஆலோசகர்கிட்ட போகட்டுமா?"

லைஃப் கோச் என்று பலகை மாட்ட இந்த நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. மருத்துவ உளவியலாளர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வித்தியாசம் அதோடு முடியவில்லை. கோச், 'நீ என்னவாகப் போறே?' என்று கேட்கிறார். ஆலோசகர், 'உனக்கு என்ன நடந்துச்சு?' என்று கேட்க வேண்டியவர். நமக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரணும்.

'நீ மாறினா எல்லாம் மாறும்' என்பது குற்றத்தை அடிபட்டவன் தலையிலேயே கட்டுகிற பேச்சு. இந்த மண்ணில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றது 1940களில் பண்ணையாட்கள் கட்டிய செங்கொடிச் சங்கம். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, எரிந்தவர்கள் மனசிலா குறை இருந்தது?

அதற்காகச் சங்கமே போதும், வைத்தியம் எதுக்கு என்பதும் தப்பு. அடித்தவன் வெளியே இருக்கிறான். காயம் உள்ளே இருக்கிறது. தூக்கம் போய், சாவு நினைப்பு வந்தால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், காசில்லை.

ஆனால் சாதி என்று வாயெடுத்ததும் 'அதை விடுப்பா' என்கிறவர் எவ்வளவு படித்தவரானாலும், வேறு ஆளைப் பாருங்கள்.