முடிவுறாக் கதையும் முடிக்கும் உரிமையும்

1956 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இந்நாட்டையே தம் வாழ்விடமாகக் கொண்டிருந்தவர் ஆதர் சி. கிளார்க். அவரது 'ரொண்டேவூ வித் ராமா' என்னும் விஞ்ஞானப் புனைகதை 1973 இல் வெளிவந்தது. கிரேக்க, உரோமப் புராணப் பெயர்கள் தீர்ந்துபோனமையால் இந்துக் கடவுளரின் வரிசையிலிருந்து 'ராமா' எனப் பெயர்பெற்ற, ஐம்பது கிலோமீற்றர் நீளமான உருளை வடிவக் கலமொன்று 2131 இற் சூரிய மண்டலத்துள் நுழைகின்றது. மனிதர் அதனுள் இறங்குகின்றனர். நகரங்களைக் காண்கின்றனர், கடலொன்றையும் காண்கின்றனர். அதனை ஆக்கியோரை மட்டும் காண்கிலர். கலமோ சூரியனிடம் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, மனிதரைப் பொருட்படுத்தாமலே அப்பாற் சென்றுவிடுகின்றது. நூலின் கடைசி வாக்கியத்திலே பெரேரா என்னும் விஞ்ஞானி (இப்பெயர் கொழும்பு வாசகருக்கு ஒரு சிறு புன்னகையைத் தரும்) உறக்கத்தினின்றும் விழித்து, அவ்வேற்றுலகினரின் செயல்கள் யாவும் மூன்று என்னும் எண்ணைத் தழுவியன என உணர்கின்றார். அவ்வளவே.

அவ்வொரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு வாசகர் எத்தனையோ முடிவுகளைப் புனைந்தனர். இன்னும் இரு கலங்கள் வருமா? வந்தால் நம்மைத் தேடியா, முன்போல நம்மைக் கடந்தா? உண்மையில் அவ்வாக்கியம் கடைசி நேரத்திற் சேர்க்கப்பட்டதென்றும், எழுதுங்காலை தொடர்ச்சி எதுவும் தம் மனத்தில் இருக்கவில்லை என்றும் கிளார்க்கே பின்னாளிற் கூறியுள்ளார். 1989 தொடக்கம் 1993 வரை ஜென்றி லீ என்பாருடன் இணைந்து அவர் வெளியிட்ட மூன்று தொடர்ச்சி நூல்கள் பலருக்கு உவப்பாக இல்லை. அவற்றைப் படித்து முடித்த என் நண்பரொருவர், "கிளார்க் தனியே எழுதியிருந்தால் இப்படி முடித்திருக்கவே மாட்டார்" என்றார். "அஃது உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். விளையாட்டாய்க் கேட்ட அக்கேள்வி பின்னர் என்னை விடவில்லை.

'அவர் இப்படித்தான் முடித்திருப்பார்' என்னும் கூற்று எத்தகையது? மெய்யோ பொய்யோ ஆகத்தக்க ஒரு கூற்றா அது? முடிவின்றி நம் கைக்கு வந்து சேர்ந்தவை யாவும் ஒரே இனத்தன அல்ல என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. வளையாபதியை எடுத்துக்கொள்வோம். எழுபதளவான செய்யுள்களே எஞ்சியுள்ளன. எனினும் அக்காப்பியத்துக்கு ஒரு முடிவு இருந்தது, ஏட்டில் எழுதப்பட்டது, யாரோ படித்துமிருந்தனர். அதுபற்றி நாம் கூறும் ஊகம் சரியாகவோ பிழையாகவோதான் இருத்தல் வேண்டும். எது என்று அறியும் வழிதான் இல்லை. பேர்மா என்னும் பிரெஞ்சுக் கணிதர் பதினேழாம் நூற்றாண்டில் நூலொன்றின் ஓரத்திற் குறித்துவைத்த தேற்றம் இதனினும் வேறானது. அதன் நிறுவல் தம்மிடம் உண்டென்றும், ஓரத்தில் இடம் போதாதென்றும் அவர் எழுதினார். அவர் இறந்தபின், 1670 இல், மகன் அக்குறிப்பை அச்சிட்டார். 1994 இல் அன்ட்ரூ வைல்ஸ் அத்தேற்றத்தை நிறுவினார். பேர்மாவிடம் உண்மையில் நிறுவல் இருந்ததோ இல்லையோ, தேற்றம் எக்காலத்தும் மெய்யாகவே இருந்தது. அதனை முடித்துவைக்க ஆசிரியரின் அனுமதி தேவைப்படவில்லை.

கதை இவ்விரண்டிலும் சேராது. எழுதப்படாத முடிவு தொலைந்த ஏடுமன்று, எவர்க்கும் பொதுவாய்க் காத்திருக்கும் தேற்றமுமன்று. அஃது எங்கும் இல்லை. நாளை கடற்போர் நிகழும் என்னும் கூற்று இன்றே மெய்யாகுமா என அரிஸ்டோட்டில் வினவினார். நாளை வந்ததும் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடும். ஆசிரியர் இறந்துபட்ட கதைக்கோ அந்த நாளையும் வருவதில்லை.

குறிப்புகள் இருந்தால் நிலைமை மாறாதா என்று கேட்கலாம். பிராங்க் ஹேர்பேட்டின் 'டியூன்' தொடரின் ஆறாம் நூல் 1985 இல் வந்தது. கப்பலொன்று திசையறியாத வெளியிலே தப்பியோட, கதை நின்றது. அடுத்த ஆண்டே ஆசிரியர் காலமானார். இருபது ஆண்டுகளின் பின்னர், மகன் பிறையன் ஹேர்பேட்டும் கெவின் ஜே. அண்டர்சனும், தந்தை விட்டுச்சென்ற குறிப்பொன்றைத் தழுவியதாகக் கூறி, 2006, 2007 ஆம் ஆண்டுகளில் இரு நூல்கள் எழுதித் தொடரை முடித்தனர். 'இது தந்தையின் முடிவன்று' என மறுத்த வாசகர் பலர். இப்பூசலில் இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது. குறிப்பு என்பது இன்னும் எழுதத் தொடங்காத மனிதரின் எண்ணம். எழுதுகையிலே பாத்திரங்கள் எதிர்த்து நிற்கும், திட்டம் உடையும். எழுதி முடித்தவர் குறிப்பெழுதியவராகவே இருப்பதில்லை. கிளார்க்கின் இறுதி நாவல் இதற்கு ஒரு மாற்று உதாரணம். திருகோணமலையிற் பிறந்த ரஞ்சித் சுப்பிரமணியம் என்னும் இளைஞன் பேர்மாவின் தேற்றத்துக்குச் சுருக்கமானதொரு நிறுவல் காண்பதே 'த லாஸ்ற் தியறம்' நூலின் கரு. நோயுற்றிருந்த கிளார்க் தம் குறிப்புகளைப் பிரெடெரிக் போல் என்பாரிடம் ஒப்படைத்தார். இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு முடிந்த பிரதியைப் பார்வையிட்டார். நாவலின் தரம் எவ்வாறாயினும், ஆம் என்று சொல்ல ஓர் உயிர் அங்கு இருந்தது.

தமிழ் வாசகருக்கும் இது புதிதன்று. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' முடிவுறவில்லை. மகள் ஆனந்தி அதனை நிறைவுசெய்தார். அதே ஆண்டில் முடிந்த 'பொன்னியின் செல்வ'னைப் பற்றியோ, கதை திடீரென நின்றுவிட்டதென வாசகர் குறைகூற, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைக் கல்கியே முடிவுரையில் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. அதன்பின்னும் அவ்வுலகைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார் விக்கிரமன். அவர் அதனைத் தம் பெயரிலேயே எழுதினார் என்பதில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆயின் எவரும் எம்முடிவையும் சூட்டலாம் என்பது பெறப்படுமா? பெறப்படாது. ராமா மனிதரைப் பொருட்படுத்தாமற் போனதே அந்நூலின் அச்சம், அதுவே அதன் அழகும். மூன்றாம் கலம் வந்து நமக்கு அறிவுரை பகருமாயின் அது முதல் நூலுக்கு இழைக்கும் துரோகமாகும். இதனைச் சொல்லக் கிளார்க்கின் உள்ளத்தை நான் அறியவேண்டியதில்லை; நூலே சான்று. நம் உரையாசிரியர்கள் 'ஆசிரியர் கருத்து' என அடிக்கடி கூறினரெனினும், அதற்கு ஆதாரமாகப் பாடத்தையே காட்டினர். பாடத்தைக் காட்டி வாதிடுபவரோடு நாம் மறுவாதம் செய்யலாம். இறந்தவரைக் காட்டி வாதிடுபவரோடு அது இயலாது. 'இப்படி முடிதலே இந்நூலுக்குத் தகும்' என்றும் 'இப்படி முடிய நான் விரும்புகின்றேன்' என்றும் சொல்வதற்கு உள்ள துணிவு, 'அவர் இப்படித்தான் முடித்திருப்பார்' என்பதில் இல்லை. தன் விருப்பத்தை வாய்திறவாத ஒருவரின் வாயில் வைப்பது அது.

கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என நண்பர் கேட்டார். பேலியகொடையில் என் அப்பப்பா கட்டிய வீடொன்று உண்டு. 2016 ஆம் ஆண்டு வெள்ளத்திற் களனி ஆற்று நீர் முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தது. அப்போது அவர் இல்லை, எதனையும் எழுதிவைக்கவுமில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்ததும், "ஐயா இருந்திருந்தால் எப்போதோ வித்திருப்பார்" என்றார் பெரியப்பா. "ஐயா இருந்திருந்தால் ஒரு கல்லைக்கூட அசைக்க விட்டிரார்" என்றார் மாமி. ஈராண்டுகள் இவ்விரு வாக்கியங்களுமே எங்கள் வீட்டில் உலவின. மறுத்துப் பேசியவர் எவராயினும் அப்பப்பாவை அவமதித்தவராயினர். இருவரும் அவர்மேல் உண்மையான அன்புடையோர். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் இருவர்க்கும் இல்லை.

ஒரு நாள் மாலை மாமி, எவரும் எதிர்பாராத வகையில், "ஐயாவை விடுங்கோ. எனக்குத்தான் இந்த வீட்டை விட்டுப் போக ஏலாமல் இருக்கு" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் பெரியப்பா, தமக்கிருந்த கடனைப் பற்றி முதன்முறையாக எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.