புல்தரையும் ஓர் அமானிதமே



பூமியில் ஊர்ந்து திரியும் உயிரினங்களும், சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹு தஆலா அல்குர்ஆனில் (6:38) அறிவிக்கிறான். அந்தச் சமுதாயங்கள் வாழ, நகரங்களில் நாம் எதை விட்டு வைத்திருக்கிறோம்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1772-இல் அமைக்கப்பட்ட புல்தரை ஒன்று உண்டு. ஒட்ட வெட்டியே பராமரிக்கப்பட்டு வந்த அதன் ஒரு பகுதியில், சில ஆண்டுகளுக்கு முன் காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். பின்னர் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, வெட்டப்பட்ட பகுதியைவிட அங்கே செடி, சிலந்தி, பூச்சி வகைகள் மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தன. வௌவால்களும் கூடுதலாக வந்தன.

தூய்மை ஈமானின் பாதியல்லவா, புல் வளர்ந்து கிடந்தால் அசுத்தமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மார்க்கம் நீக்கச் சொல்வது நஜீஸையும், பாதையில் மக்களுக்குத் தொல்லை தருவதையும்தான். பூ நஜீஸ் அல்ல. எனவே நடைபாதை ஓரத்தையும் பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் வெட்டுங்கள். பள்ளிவாசல் வளாகத்தில் எவரும் கால் வைக்காத மூலையை, பூத்து விதை விழும்வரை விட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தால் போதும்.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அப்படியிருக்க, நம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னோர் உயிரின் ரிஸ்க்கை வெட்டி எறியலாமா?

இந்த பூமி அமானிதம். கணக்கு மறுமையில் உண்டு. அதைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.