கை ஓங்கும் முன் ஒரு வாழ்த்து



ஐஸ் ஹாக்கி பார்த்திருக்கீங்களா? வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் சில நேரம் இரண்டு பேர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்திக்கொள்வார்கள். பிறகு இருவருக்கும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை. இதற்கென்றே அணிகள் ஓர் ஆளை வைத்திருந்தன. ‘என்ஃபோர்சர்’ என்று பெயர். நட்சத்திர ஆட்டக்காரர் மேல் யாராவது முரட்டுத்தனமாக மோதினால், இவர் போய்க் கணக்குத் தீர்க்க வேண்டும்.

அப்படி ஒருவர்தான் ஜார்ஜ் லராக். 1976இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில், ஹைட்டியிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் தோல் நிறத்துக்காக ஏச்சு வாங்கியவர். நான்கு அணிகளுக்காக ஏறக்குறைய 700 ஆட்டங்கள் ஆடினார். வாங்கிய தண்டனை 1,100 நிமிடத்துக்கு மேல்!

பீனிக்ஸ் அணியில் இருந்தபோது, ஓர் ஆட்டத்தில் அவர் உடலில் மைக் பொருத்தியிருந்தார்கள். எதிரணிக்காரரைச் சண்டைக்குக் கூப்பிட்டார். அவரும் சரி என்றார். உடனே லராக் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்! அப்புறம்தான் குத்து.

சிரிப்பு வருதில்ல? ஆனா நம்ம மகாபாரதத்திலேயே இது இருக்கு. போர் தொடங்கும் நேரம். தருமர் கவசத்தைக் கழற்றிவிட்டு, கைகூப்பியபடி எதிரிப் படைக்குள் நடந்தார். தம்பிகள் பதறினார்கள். அவரோ நேராகப் போய்ப் பீஷ்மரின் காலைத் தொட்டு ஆசி கேட்டார். பீஷ்மரும் வாழ்த்தினார். எதிரெதிர் அணிதான், மனசில் பகை இல்லை.

அதுக்காக, அடிதடிக்கு அனுமதி கிடைச்சதுன்னு நினைச்சிடாதீங்க. சண்டை தமக்குப் பிடிக்காத வேலை என்று லராக்கே சொல்லியிருக்கிறார். அதே வேலை பார்த்த டெரெக் பூகார்ட் 2011இல், 28 வயதில் இறந்தார். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியதால் அவர் மூளை பாதிக்கப்பட்டிருந்ததைப் பின்னர் மருத்துவர்கள் கண்டார்கள். பகை இல்லாத குத்தும் குத்துதான். வாழ்த்திய பீஷ்மரும் கடைசியில் அம்புப் படுக்கையில்தானே கிடந்தார்?

லராக் 2010இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஹைட்டியை நிலநடுக்கம் உலுக்கியபோது, அங்கே குழந்தைகள் மருத்துவமனையைத் திரும்பக் கட்ட நிதி திரட்டினார். இறைச்சியையும் விட்டுவிட்டு, விலங்குகளுக்காகப் பேசத் தொடங்கினார். குத்துவிட்ட அதே கைதான், தம்பி. உள்ளே வெறுப்பு ஊறாததால், வேலை முடிந்ததும் அந்தக் கை சுலபமாகத் திறந்தது.

நமக்கு யாரும் சண்டை போடச் சம்பளம் தரல. ஆனாலும் ‘ஏன் முறைச்ச?’ங்கிற ஒரே கேள்வியில எத்தனை பேர் வாழ்க்கை வீணாகுது! இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், உங்களுக்கு ஆகாத ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் நல்லா இருக்கணும்னு பிள்ளையாரிடம் வேண்டிக்குங்க. அதுக்குப் பிறகும் கை ஓங்குதான்னு பாருங்க.

எல்லாரும் நலமா இருக்க இறைவன் அருள் புரியட்டும். ஓம் சாந்தி.