எலியும் பெரியப்பாவும்

எங்கள் பெரியப்பாவுக்கு விதை எடுத்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது. "ஊசின்னா வருஷம் பூரா செலவு, ஆபரேசன்னா ஒரே தடவை" என்றார் டாக்டர். பெரியப்பா பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாட்டுக்குக் காயடிக்கிற மாதிரிதானடா?" ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் காலப்போக்கில் புற்று அந்த நிலைமைக்கும் பழகி மறுபடி வளர்கிறது. அப்புறம் என்ன கொடுப்பது என்று தேடத்தான் எலி.

நோயாளியின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து எலியின் தோலுக்கடியில் வைக்கிறார்கள். சாதாரண எலியின் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடும். ஆகவே தள்ளத் தெரியாத எலி வேண்டும். தைமஸ் சுரப்பி இல்லாத மொட்டை எலி 1962இல் கிளாஸ்கோவில் கண்ணில் பட்டது. 1969இல் கோபன்ஹேகனில் அதன் உடம்பில் மனிதக் குடல் புற்று வளர்ந்தது. பின்னால் இன்னும் எதிர்ப்பு சக்தி குறைந்த எலிகள் வந்தன. சாதாரணக் கிருமி பட்டாலே செத்துப்போகும். வடிகட்டிய காற்றில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். புராஸ்டேட் கட்டி லேசில் பிடிப்பதில்லை. பல துண்டுகள் வீணாகும், பிடித்தாலும் மாதக்கணக்காகும். வளர்ந்ததை வெட்டி அடுத்த எலிக்கு. பெரியப்பா நிலைமை வேண்டுமென்றால் எலிக்கும் விதை எடுக்கிறார்கள். கட்டி ஓர் அளவைத் தாண்டினால் கொன்றுவிடுகிறார்கள். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற என்சலூட்டமைடு மாத்திரை, ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சிலிருந்து 1977இல் எடுத்த செல்களை ஏற்றிய, காயடித்த எலிகளில் சோதிக்கப்பட்டு வந்ததுதான்.

எலியைக் கொல்லலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஜீவகாருண்யம் பேசியவர்கள்தான் நம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. சோதனைக்கூட மிருகங்களைக் கவனிக்கக் குழு போடவும் அதில் வழி உண்டு. மனிதனை மலம் அள்ள வைக்காதே என்கிற சட்டம் 1993இல். 33 வருஷம் எலி நமக்கு முன்னால் நின்றது!

இதோடு முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த வரிசையை எலி போடவில்லையே. "இதுகளுக்கு அவ்வளவா வலி தெரியாது", "இதுக்குன்னே பிறந்ததுக" என்று சோதனைக்கூட எலியைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வாசகத்தை எங்கே கேட்டோம் என்று நமக்குத் தெரியும். பெரியப்பாவுக்காக எலியைக் கொல்லச் சம்மதிப்பேன். அந்த வாசகத்தைச் சொல்லிக்கொண்டு சம்மதிக்க மாட்டேன். வலிக்கும் என்று தெரிந்தே செய்கிறோம் என்றால்தான் மரக்க மருந்து கொடுப்போம், ஐந்து எலி போதுமென்றால் ஆறாவதைத் தொடமாட்டோம்.

சதை கொடுத்த மனிதன் யார் என்பது அடுத்த கேள்வி. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் செல்களை 1951இல் கேட்காமலே எடுத்தார்கள். சியாட்டிலில் அப்படியில்லை. சாகப்போகிற நோயாளிகள் உயிரோடிருக்கும்போதே ஒப்புக்கொடுக்கிறார்கள். இறந்த சில மணி நேரத்தில் கட்டிகளை எடுத்து எலிக்கு மாற்றுகிறார்கள். லூகேப் 35 என்பதுபோல் ஓர் எண் மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்காவில் இந்தப் புற்றால் கறுப்பின ஆண்கள் வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாகிறார்கள். எலிகளில் வளர்ந்திருப்பதோ மிகப் பெரும்பாலும் வெள்ளையர் கட்டி. சாவில் முன்னால் நிற்பவனுக்கு எலியின் முதுகில்கூட இடமில்லை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். எலிக்கும் விதை எடுப்பதைக் கேட்டு, "மரக்க ஊசி போடுறாங்களா?" என்றார். போடுகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா என்னோடதையும் எடுத்துக்கிடச் சொல்லு. பேரு எழுதணும்" என்றார்.

பேர் போடமாட்டார்கள், நம்பர்தான், அது நோயாளியின் நல்லதுக்காகத்தான் என்று விளக்கினேன்.

"அதை நான்ல சொல்லணும்" என்றார்.